இணையத்தில் டேபிள்டாப் ஆர்பிஜி: எதில் ஆடுவது, எங்கே தொடங்குவது?

மலைக்கோட்டைவாசி

வணக்கம் மக்களே. ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற மேசை ஆட்டம்தான் டேபிள்டாப் ஆர்பிஜி; ஹாஸ்டல் அறையில் விடிய விடிய அதில் ஒன்றான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடிய கூட்டம் நாங்கள். இப்போது ஆளுக்கொரு ஊர்: நான் திருச்சி, ஒருவன் பெங்களூரு, ஒருத்தி சிங்கப்பூர், இன்னொருவன் டொரண்டோ. திரும்பவும் ஆட எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் இணையத்தில் எந்த மென்பொருளில் ஆடுவது என்று தேடினால் ரோல்20, ஃபவுண்ட்ரி, ஃபேன்டஸி கிரவுண்ட்ஸ், ஔல்பேர் ரோடியோ, டேபிள்டாப் சிமுலேட்டர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேர வீடியோ வேறு. நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துகிற ஆள். பெங்களூருக்காரனிடம் மொபைல் மட்டும்தான், என் லேப்டாப் ரொம்பப் பழசு. செலவு செய்ய மாட்டேன் என்றில்லை, ஆனால் எடுத்ததும் காசைக் கொட்ட மனசில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இராப்பறவை

முதல் இரண்டு மூன்று செஷனுக்கு இந்தப் பட்டியலில் எதுவுமே வேண்டாம். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் உங்கள் குழுவுக்கென்று ஒரு சர்வர் திறங்கள், ஒரு குரல் சேனல், ஒரு எழுத்து சேனல், பகடை உருட்ட ஒரு பாட் (தானியங்கி நிரல்), முடிந்தது. டி&டி என்றால் அவ்ரே பாட் இருக்கிறது, வேறு எந்த ஆட்டமாக இருந்தாலும் டைஸ் மெய்டன் போதும். கேரக்டர் ஷீட் (பாத்திரத்தின் திறமைகளை எழுதி வைக்கிற தாள்) கூகுள் ஷீட்டில் இருக்கட்டும், நீங்களும் எட்டிப் பார்க்கலாம். மேப் வேண்டாம், வாயாலேயே சொல்லி நடத்துங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், புதிதாக இணையத்தில் நடத்த வருகிற டிஎம்கள் பெரும்பாலும் ஆட்டத்துக்கு முந்தைய வாரம் முழுக்கச் சுவருக்குச் சுவர் கோடு இழுத்து, விளக்கு வைத்து, கதவுக்குக் கதவு போட்டு ஒரு மேப் செய்கிறார்கள், ஆட்டத்தன்று பிளேயர்கள் அந்த வீட்டுக்குள் நுழையாமல் பக்கத்து ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அப்புறம் டிஎம்முக்கு வெறுத்துப் போகிறது. இணையத்தில் ஒரு கேம்பெயின் (பல செஷனுக்கு நீளும் தொடர்கதை) நிற்பது மேப்பால் இல்லை. பேச்சின் வேகம் குறையாமல் இருக்கிறதா, எல்லோரும் வருகிற நேரம் கிடைத்ததா, இந்த இரண்டில்தான் நிற்கிறது. மென்பொருள் அதற்குப் பிறகு.

சண்டையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று குழப்பம் வந்தால் ஔல்பேர் ரோடியோவைத் திறங்கள். பிரௌசரில் ஓடும், பிளேயர்கள் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, லிங்க்கைத் தட்டினால் உள்ளே வந்துவிடலாம், மொபைலிலும் விரலால் டோக்கனை (பாத்திரத்தைக் குறிக்கும் வில்லை) நகர்த்தலாம். உங்கள் பெங்களூரு நண்பருக்கு இதுதான் சரி.

கணினிப்பித்தன்

இராப்பறவை எப்போதும் இதையேதான் சொல்வார். :) நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வாயால் சொல்லி ஆடுவது கால் ஆஃப் துலு மாதிரி விசாரணை ஆட்டத்துக்குச் சரி. டி&டி ஐந்தாம் பதிப்பில் 30 அடி நகரலாம், தீப்பந்து மந்திரம் 20 அடி ஆரம், யார் யாருக்குப் படும் என்பதை வாயால் தீர்ப்பதற்குள் பாதி செஷன் போய்விடும். பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு இன்னும் மோசம், ஒவ்வொருவரின் டர்னிலும் (ஆடும் முறை) மூன்று ஆக்‌ஷன், மேலே ஏறி உட்காரும் போனஸ், பெனால்டி. கணக்கு இயந்திரம் செய்கிற வேலை, மனுஷன் செய்கிற வேலை இல்லை.

நான் ஃபவுண்ட்ரி கட்சி; மேப், ஷீட், பகடை எல்லாம் ஒரே இடத்தில் வைத்திருக்கிற மென்பொருள் அது. 2020-இல் வந்தது. 50 டாலர், ஒரே தடவை, டிஎம் மட்டும் வாங்கினால் போதும், பிளேயர்கள் பிரௌசரில் இலவசமாக வருவார்கள். மாதச் சந்தா கிடையாது. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்புக்கு அதில் தன்னார்வலர்கள் செய்து வைத்திருக்கிற வேலையைப் பார்த்தால் அசந்துவிடுவீர்கள்: அரக்கன், மந்திரம், பொருள் எல்லாம் உள்ளேயே இருக்கிறது, இழுத்துப் போட்டால் ஷீட்டில் விழும். விதிகளும் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில் சட்டப்படியே இலவசம், புத்தகம் வாங்காமலே ஆடலாம். வாள் வீசுகிறவன் ஒரு பட்டனைத் தட்டினால் எதிரியின் கவசத்தோடு ஒப்பிட்டுப் பட்டதா, தப்பியதா, கிரிட்டிக்கலா (பலத்த அடியா) என்று அதுவே சொல்லும். அந்த வேகம் வாயால் வராது.

இராப்பறவை

வேகம் வரும், நான் மறுக்கவில்லை. டிஎம் அந்த மென்பொருளோடு ஒரு மாதம் குடித்தனம் நடத்திய பிறகு வரும். அவர் கேட்டது எங்கே தொடங்குவது என்று.

மலைக்கோட்டைவாசி

இரண்டு பேருக்கும் நன்றி. கணினிப்பித்தன் அண்ணே, ஃபவுண்ட்ரியின் டெமோவைப் பார்த்தேன், நாக்கில் எச்சில் ஊறுகிறது. ஆனால் ரவுட்டரில் போர்ட் திறக்க வேண்டும் என்கிறார்கள், எனக்கு அது சுத்தமாகப் புரியவில்லை. மொபைலில் வருமா?

கணினிப்பித்தன்

மொபைலுக்கு அதிகாரபூர்வ ஆதரவு இல்லை தம்பி. சின்னத் திரையில் மெனுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். சில மாட்யூல்கள் (கூடுதலாகச் சேர்க்கிற நிரல்கள்) ஒப்பேற்றும், அவ்வளவுதான். பெங்களூரு நண்பர் அதில் கஷ்டப்படுவார், அதை மறைக்க விரும்பவில்லை.

போர்ட் விஷயம். ஃபவுண்ட்ரி உங்கள் கணினியிலேயே ஒரு சர்வராக ஓடுகிறது, வழக்கமாக 30000 என்ற போர்ட்டில். வெளியே இருக்கிறவர்கள் உள்ளே வர ரவுட்டரில் அந்த வாசலைத் திறந்துவிட வேண்டும். நம் ஊரில் சிக்கல் என்னவென்றால் பல இணைய நிறுவனங்கள் உங்கள் வீட்டுக்கென்று தனி ஐபி (இணைய முகவரி எண்) தருவதில்லை, ஒரு பொது ஐபிக்குப் பின்னால் நிறைய வீடுகளை அடைத்து வைத்திருப்பார்கள், சிஜிநாட் என்று பெயர். அப்போது ரவுட்டரில் என்ன திறந்தாலும் பயனில்லை. சோதிப்பது சுலபம்: ரவுட்டரின் பக்கத்தில் வான் ஐபி என்று ஒரு எண் இருக்கும், அது 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டில் இருக்கிறீர்கள். அல்லது கூகுளில் உங்கள் ஐபியைத் தேடுங்கள், இரண்டும் வேறாக இருந்தாலும் பெரும்பாலும் அதே கதைதான்.

போர்ட் திறக்காமலே ஆட்களை உள்ளே விட வழிகள் உண்டு. கிளவுட்ஃப்ளேர் டனல் வைத்தால் பிளேயர்கள் எதுவும் நிறுவ வேண்டாம், நீங்கள் மட்டும் ஒரு சின்ன நிரலை ஓடவிட வேண்டும், ஆனால் நிலையான முகவரி வேண்டுமென்றால் சொந்தமாக ஒரு டொமைன் பெயர் வாங்க வேண்டியிருக்கும். டெயில்ஸ்கேல் என்ற நிரலைப் போட்டால் அதை எல்லோரும் நிறுவ வேண்டும். ஒன்றும் வேண்டாம் என்றால் தி ஃபோர்ஜ் மாதிரி வாடகை சர்வர், அதற்கு மாதக் காசு. பழைய லேப்டாப் என்கிறீர்கள், சர்வர் ஓட அது போதும், ஆனால் அதே லேப்டாப்பில் பிரௌசரும் டிஸ்கார்டும் சேர்ந்து ஓடினால் மூச்சு வாங்கும்.

இன்னொன்று, மேப் படங்களை அப்படியே ஏற்றாதீர்கள். 8 எம்பி மேப் ஐந்து பேருக்குப் போனால் 40 எம்பி, உங்கள் அப்லோட் 10 எம்பிபிஎஸ் என்றால் அரை நிமிஷத்துக்கு மேல் எல்லோரும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெப்பி என்ற பட வடிவத்துக்கு மாற்றினால் அளவு நன்றாகவே இறங்கும். அப்புறம், ஆட்டத்தன்று காலையில் அப்டேட் பட்டனை அமுக்காதீர்கள். மாட்யூல்கள் புதுப் பதிப்புக்கு வராமல் நின்றுவிடும்.

சிங்கை_செல்வி

யாரும் ரோல்20 பற்றிப் பேசவில்லையே, பாவம். 2012-இல் கிக்ஸ்டார்ட்டரில் காசு திரட்டித் தொடங்கிய தளம், இன்றைக்கும் அந்நியர்களோடு ஆட இடம் தேடுகிறவர்களுக்கு அதுதான் பெரிய சந்தை. எதையும் நிறுவ வேண்டாம், போர்ட் வேண்டாம், சிஜிநாட் வேண்டாம். இலவசக் கணக்கில் 100 எம்பி இடம்தான், சுவருக்குப் பின்னால் தெரியாமல் மறைக்கிற டைனமிக் லைட்டிங்குக்குச் சந்தா கட்ட வேண்டும், அது குறைதான். ஆனால் ஷீட்டில் இருக்கிற பெயரைத் தட்டினால் பகடை உருளும், உருண்டது எல்லோருக்கும் தெரியும், டிஎம் மட்டும் பார்க்கிற ரகசிய உருட்டலும் உண்டு.

பகடை பற்றிச் சொல்ல இன்னொரு காரணம் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவர் வீட்டில் நிஜ டி20 (இருபது முகப் பகடை) உருட்டி எண்ணைச் சொல்வார். ஒரே இரவில் தொடர்ந்து மூன்று தடவை 20. ஒரு தடவை விழ 20-இல் 1, மூன்றும் அடுத்தடுத்து விழ 8000-இல் 1. யாரும் வாய் திறந்து கேட்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவர் சண்டையில் ஜெயித்தால் சேனல் அமைதியாகிவிடும். முதல் நாளே "எல்லாப் பகடையும் திரையில்" என்று விதி போட்டுவிட்டால் இந்த மனஸ்தாபம் வராது.

இராப்பறவை

நண்பர்களுக்குள் எதற்கு? நிஜப் பகடையைக் கையில் குலுக்குகிற சுகம் தனி. பொய் சொல்லி ஜெயிக்க இதில் என்ன பரிசா தருகிறார்கள்?

சிங்கை_செல்வி

பரிசு இல்லாததால்தான் கேட்கக் கூச்சம். நண்பர்களாக இருப்பதால்தான் விதி வேண்டும். குலுக்க ஆசைப்பட்டால் பகடைத் தட்டுக்கு மேலே போன் கேமராவை வைக்கச் சொல்லுங்கள்.

டொரண்டோ_தம்பி

அண்ணாமார், அக்காமார், எல்லாரும் மென்பொருளைப் பற்றியே கதைக்கிறியள், நேரத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. திருச்சி, சிங்கப்பூர், டொரண்டோ மூன்றையும் ஒரே மேசையில் இருத்துறது சரியான கஷ்டம். கணக்குப் பார்த்தால் ஒரே ஒரு இடைவெளிதான் இருக்கு: இந்தியாவில் சனி இரவு 7.30, சிங்கப்பூரில் இரவு 10, எங்களுக்குக் காலை 10. அதுவும் கோடையில். நவம்பர் முதல் ஞாயிறு நாங்கள் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளின உடனே எங்களுக்கு 9 மணி ஆகிடும், மார்ச் இரண்டாவது ஞாயிறு திரும்ப 10. இந்தியாவும் சிங்கப்பூரும் மணிக்கூட்டைத் தொடுறதே இல்லை, அதனால் அங்கே இருக்கிறவைக்கு இது ஞாபகம் வராது. லண்டனில் ஆரும் இருந்தால் இன்னும் சிக்கல், அவையள் மாத்துற வாரம் வேறை. டிஸ்கார்டில் நேரக்குறி எண்டு ஒண்டு இருக்கு, அதைப் போட்டு எழுதினால் வாசிக்கிற ஆளின்ரை உள்ளூர் நேரத்திலேயே காட்டும். எங்கடை குழு அதைத்தான் பாவிக்குது.

நேரம் பொருந்தாவிட்டால் இன்னொரு வழி இருக்கு, எழுத்தில் ஆடுறது. பிளே பை போஸ்ட். டிஸ்கார்டிலேயே செய்யலாம், ஆர்பிஓஎல் எண்ட பழைய தளமும் இருக்கு. கதைக்கு ஒரு சேனல், எங்கடை சொந்தக் கதைக்கு இன்னொரு சேனல். அவரவர் வசதிக்கு ஒரு நாளைக்கு ஒரு பதிவு. நான் இரவு வேலை முடிஞ்சு பஸ்ஸில் வரேக்கை எழுதுவன். குரலில் வெட்கப்பட்டுப் பேசாமல் இருக்கிற ஆள் எழுத்தில் பக்கம் பக்கமாய் எழுதும், நான் கண்டிருக்கிறன். தமிழில் வடிவாய் எழுதி ஆடவும் இதுதான் நல்லது, குரலில் எண்டால் பாதி இங்கிலீஷாய் வந்துவிடும்.

கணினிப்பித்தன்

அதெல்லாம் சரி தம்பி, ஆறு கோப்ளினை அடிக்க ஒரு மாதம் ஆகுமே.

டொரண்டோ_தம்பி

ஓம், மேசையில் ஆடுற மாதிரியே ஆடினால் ஆகும். அதுக்குத் தந்திரம் இருக்கு. ஒவ்வொருத்தரின்ரை டர்னுக்கும் காத்திருக்கக் கூடாது: பிளேயர்கள் எல்லாரும் எந்த வரிசையிலும் எழுதலாம், எல்லாரும் எழுதி முடிய அரக்கர் கூட்டத்துக்கு மொத்தமாய் ஒரு டர்ன். இரண்டாவது, பதிவிலேயே "எண்டால்" போட்டு எழுத வேணும். "கதவைத் தள்ளுறன், பூட்டியிருந்தால் கம்பியை விட்டுத் திறக்கப் பாக்கிறன், ரோல் 17, உள்ளே ஆரும் நிண்டால் சத்தம் போடாமல் பின்வாங்குறன்." இப்பிடி எழுதினால் டிஎம் ஒரே பதிவில் மூன்று படி கடந்துவிடுவார், இல்லாவிட்டால் "கதவைத் தள்ளுறன்" எண்டதுக்கு ஒரு நாள், "பூட்டியிருக்கு" எண்டதுக்கு ஒரு நாள். மூன்றாவது, 48 மணித்தியாலம் ஒருத்தர் எழுதாவிட்டால் அவருக்குப் பதிலாய் டிஎம் நகர்த்துவார் எண்டு முதலே சொல்லி வைக்க வேணும். இந்த மூன்றாவது விதி இல்லாத குழு எல்லாம் நடுவழியில் நிண்டுபோய்விடும்.

இராப்பறவை

அந்த "எண்டால்" விஷயம் அருமை, குரல் ஆட்டத்திலும் உதவும். மலைக்கோட்டைவாசிக்கு இரண்டையும் கலக்கச் சொல்வேன்: மாதத்துக்கு இரண்டு குரல் செஷன், நடுவில் கடைவீதியில் பொருள் வாங்குவது, மருத்துவரைப் பார்ப்பது, காவல்காரனிடம் துப்புக் கேட்பது எல்லாம் எழுத்தில். குரல் நேரம் சண்டைக்கும் பெரிய முடிவுகளுக்கும் மிஞ்சும்.

மலைக்கோட்டைவாசி

முதல் செஷன் முடிந்தது மக்களே. டிஸ்கார்டும் ஔல்பேரும் வைத்து ஆடினோம். கதை நன்றாகப் போனது, ஆனால் ஒன்று இடித்தது. நேரில் ஆடும்போது "என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்டால் நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். இங்கே கேட்டால் நிசப்தம். சில விநாடி கழித்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடங்கி, "நீ சொல்லு", "இல்ல நீ சொல்லு" என்று இன்னொரு நிசப்தம். மூன்று மணி நேரத்தில் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. பாட்டு வேறு போட்டுப் பார்த்தேன், என் மைக் வழியாகக் கரகரவென்று போனதாம்.

இராப்பறவை

இது இணைய ஆட்டத்தின் நிரந்தர நோய். குரல் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதம் ஆகிறது, முகத்தைப் பார்த்து யார் வாய் திறக்கப் போகிறார்கள் என்று ஊகிக்க முடியாது, அதனால் எல்லோரும் எல்லோருக்காகவும் காத்திருப்பார்கள். இணையத்தில் பொதுக் கேள்வி கேட்கவே கூடாது. பெயர் சொல்லிக் கேளுங்கள், கேரக்டர் பெயரை. அதிலும் இரண்டு வழி காட்டிக் கேளுங்கள். "மாரா, உள்ளே யாரோ இருமுகிற சத்தம். கதவில் காது வைக்கிறாயா, உடைக்கிறாயா? நீ யோசி, அதற்குள் வேலன், நீ பின்பக்கம் போனாயே, ஜன்னல் திறந்திருக்கிறது." மாரா யோசிக்கும் நேரத்தை வேலன் பேசி நிரப்பிவிடுவான், திரும்பி வரும்போது மாராவிடம் பதில் தயாராக இருக்கும். குறுக்கே பேச நினைக்கிறவர் எழுத்து சேனலில் ஒரு புள்ளி வைக்கட்டும், அடுத்து அவரைக் கூப்பிடுங்கள். கிண்டலும் அங்கேயே போகட்டும், குரல் சேனல் சுத்தமாக இருக்கும்.

மூன்று மணி நேரம் அதிகம். இரண்டரை போதும், நடுவில் ஒரு டீ இடைவேளை. நேரில் ஆறு பேரை வைத்து நடத்துகிறவரும் இணையத்தில் நாலைத் தாண்ட வேண்டாம்.

கணினிப்பித்தன்

பாட்டு கரகரத்ததற்குக் காரணம் டிஸ்கார்டின் இரைச்சல் தடுப்பு. பேச்சைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்று அது வெட்டிவிடும், வீணையையும் சேர்த்து. ஸ்பீக்கரில் போட்டு மைக்குக்குப் போக விடாதீர்கள். முன்பு யூட்யூபிலிருந்து இழுத்துப் போடுகிற பாட்டு பாட்கள் இருந்தன, 2021-இல் கூகுள் தரப்பு நோட்டீஸ் விட்டதில் க்ரூவி, ரிதம் இரண்டும் மூடிவிட்டன. இப்போது கென்கு எஃப்எம் என்ற இலவச நிரலைப் பாருங்கள், ஔல்பேர் செய்கிற ஆட்களுடையதேதான், டிஸ்கார்டுக்குள் தனி ஆளாக வந்து பாட்டை ஒலிக்கும். அவரவர் தனக்கு வேண்டிய அளவுக்கு ஒலியைக் குறைத்துக்கொள்ளலாம். மழைச் சத்தம், சந்தைச் சத்தம் எல்லாம் டேபிள்டாப் ஆடியோ தளத்தில் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக இருக்கிறது.

எல்லோரும் ஹெட்போன் போட்டே ஆக வேண்டும், அதில் மட்டும் தயவு பார்க்காதீர்கள். ஒருவர் ஸ்பீக்கரில் கேட்டாலும் எல்லோருக்கும் எதிரொலி.

சிங்கை_செல்வி

ஒன்றைச் சேர்க்கிறேன். முகம் தெரியாததால் ஒருவருக்கு ஒரு காட்சி பிடிக்காமல் போனால் டிஎம்முக்குத் தெரியாது, நேரில் என்றால் முகம் சுருங்குவதைப் பார்த்து நிறுத்திவிடுவோம். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்பவர் கொண்டுவந்த எக்ஸ் கார்டு முறை என்பது, மேசையில் இருக்கிற எக்ஸ் அட்டையை யாராவது தொட்டால் அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிடுவது, காரணம் கேட்கக் கூடாது. இணையத்தில் டிஎம்முக்குத் தனிச் செய்தியில் ஒரு எக்ஸ் அனுப்பினால் போதும். நம் ஆட்கள் "இதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை" என்று சிரிப்பார்கள். ஆனால் பேய்க்கதை நடத்துகிறவர்கள் இதை வைத்துக்கொள்வது நல்லது.

மலைக்கோட்டைவாசி

பெயர் சொல்லிக் கேட்பதை அடுத்த செஷனிலேயே செய்து பார்க்கிறேன். விதிப்புத்தகம் எல்லோரிடமும் இல்லை, பிடிஎஃப் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது, அதை அனுப்பலாமா?

கணினிப்பித்தன்

திருட்டு பிடிஎஃப் வேண்டாம், தேவையும் இல்லை. டி&டியின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸில் வந்துவிட்டது, லைசென்ஸை மாற்றப்போகிறார்கள் என்று ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்ததில் நிறுவனம் இறங்கி வந்த கதை அது. திருத்திய விதிகளின் தொகுப்பும் 2025-இல் அதே மாதிரி வந்தது. இரண்டையும் சட்டப்படி இறக்கிக்கொள்ளலாம். அடிப்படையான பன்னிரண்டு கிளாஸும் (வீரன், மந்திரவாதி மாதிரி பாத்திர வகை) உண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சப்கிளாஸ்தான் (உட்பிரிவு) இருக்கும், உங்களுக்கு அது போதும். ஒரு வாரம் டிஎம்முக்கு முடியாவிட்டால் அயர்ன்ஸ்வோர்ன் என்ற ஆட்டத்தைப் பாருங்கள், பிடிஎஃப் இலவசம், டிஎம் இல்லாமலே இரண்டு பேர் ஆடலாம், தனியாகவும் ஆடலாம்.

புதுவரவு77

ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன், இப்போதுதான் கணக்குத் தொடங்கினேன். ஒரு சின்னச் சந்தேகம், செஷனைப் பதிவு செய்து வைக்க வழி உண்டா? போன வாரம் யார் யாருக்கு என்ன சத்தியம் செய்து கொடுத்தோம் என்று எங்கள் குழுவில் ஒருவருக்கும் நினைவில்லை.

டொரண்டோ_தம்பி

கிரெய்க் எண்ட பாட்டைப் போடுங்கோ. குரல் சேனலுக்குள்ளே வந்து, பதிவு நடக்குது எண்டு சொல்லிப்போட்டு, ஒவ்வொருத்தரின்ரை குரலையும் தனித்தனி கோப்பாய்த் தரும். முதலே எல்லாரிட்டையும் சம்மதம் கேளுங்கோ. இறக்கி வைக்காமல் விட்டால் கொஞ்ச நாளில் அதுவே அழிச்சுப்போடும், உடனே இறக்கி வையுங்கோ. ஆனால் இரண்டரை மணித்தியாலத்தைத் திரும்பக் கேக்க ஒருத்தருக்கும் பொறுமை வராது. ஒவ்வொரு கிழமையும் ஒருத்தர் பத்து வரியில் கேரக்டரின்ரை நாட்குறிப்பாய் எழுதி சேனலில் போட வேணும், எழுதினவருக்கு அடுத்த செஷனில் ஒரு பகடையைத் திருப்பி உருட்டலாம் எண்டு சொல்லுங்கோ. போட்டி போட்டு எழுதுவினம்.